இரண்டு கட்டில்கள்

அவளுக்குக் கடுகு என்று பெயர் வைத்தது நர்சிங் பள்ளியில் உடன் படித்தவர்கள். சலைன் பாட்டிலை மாட்ட எக்கி எக்கிப் பார்த்துவிட்டு, யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். இவளிடம் காரமும் குறைவுதான்; இருந்ததெல்லாம் பொறுமை. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் சேர்ந்து நாலைந்து வருடம் ஆனபின் டாக்டர்கள்கூட அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

சேர்ந்த புதிதில் அவள் எண்களை நம்பினாள். நாடி இவ்வளவு, ரத்த அழுத்தம் இவ்வளவு, காய்ச்சல் இவ்வளவு. அட்டவணையில் போட்ட கோட்டுக்குள் இருந்தால் ஆள் நன்றாயிருக்கிறார், கோட்டைத் தாண்டினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். பாடப் புத்தகம் அப்படித்தான் சொல்லியிருந்தது. வார்டு வேறு மாதிரி சொன்னது. எண்களெல்லாம் ஒழுங்காக இருந்த ஒருவர் சாயங்காலத்துக்குள் மோசமாகிப் போனார். எண்கள் தாறுமாறாக இருந்த இன்னொருவர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரரோடு அரசியல் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்று ஆளைப் பார்க்கப் பழகினாள். போர்வையைப் பிடித்திருக்கிற விரல்கள் எப்படி இருக்கின்றன, ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க மூச்சு போதுகிறதா, நேற்று எரிந்து விழுந்தவர் இன்று ஏன் தலையை மட்டும் ஆட்டுகிறார். இதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. தப்பாகப் பார்த்துப் பார்த்துத்தான் கண் பழகியது. டாக்டரை வீணாக ஓடிவரச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்ட நாட்கள் உண்டு. ஓடிவந்த டாக்டர் பார்த்த உடனே கையுறையை மாட்டிக்கொண்ட நாட்களும் உண்டு.

அந்த வாரம் தலைமை நர்ஸ் ஊரில் இல்லை. அவருடைய தம்பி தவறிப்போயிருந்தார். வார்டுப் பொறுப்பு கடுகின் தலையில் விழுந்தது. பகல் வேலைக்கு அவளோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மதியத்துக்குமேல் அவசரப் பிரிவில் ஆள் போதவில்லை என்று ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது அவளும், வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு புதுப் பெண்ணும்தான். கெட்டிக்காரப் பெண்தான். ஆனால் எதையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டுக்கொண்டுதான் செய்வாள்.

வார்டில் அப்போது எல்லாரையும் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தவர் ஒரு லாரி ஓட்டுநர். பெருங்குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு மீதியை ஒட்டித் தைத்திருந்தார்கள். கண் விழித்ததிலிருந்து மனிதர் ஓயவில்லை. தலையணை உயரம், மின்விசிறி சத்தம், பக்கத்துக் கட்டில்காரரின் இருமல் என்று ஒவ்வொன்றுக்கும் மணியை அழுத்துவார். நர்சுகள் தங்களுக்குள் அவருக்கு ஹாரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் போய், "ஹாரன் அடிக்காம வண்டி ஓட்டினா மோதிடும் சிஸ்டர்" என்று சொல்லி அவரே சிரித்தார். சிரித்தால் தையல் வலிக்கும், அதற்கும் ஒருமுறை மணி அடிப்பார்.

அவருக்கு நேரெதிர்க் கட்டிலில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். பெரிய குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை ஆகி, மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாகப் பேச்சு. வாத்தியார் இருக்கிற இடம் தெரியாது. ஊசி போட்டால் நன்றி சொல்வார், போடத் தாமதமானால் அதற்கும் பரவாயில்லை என்பார். நாளெல்லாம் செய்தித்தாளில் வருகிற, ஒரு வரியில் ஒரு எண் ஒருமுறைதான் வரவேண்டிய எண் புதிரைப் போட்டுக்கொண்டிருப்பார். அவர் மனைவி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். பேசி முடித்துவிட்டவர்கள் மாதிரி நிம்மதியாக இருப்பார்கள்.

அன்று பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. வார்டு முழுக்கச் செருப்புச் சத்தமும் பழப் பைகளும். கடுகு மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது, என்னவோ குறைகிறதே என்று அவளுக்குப் பட்டது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சாப்பாட்டு நேரத்திலிருந்து ஹாரன் ஒருமுறைகூட மணியை அழுத்தவில்லை.

வண்டியை அப்படியே விட்டுவிட்டு அவர் கட்டிலுக்குப் போனாள். ஓட்டுநர் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தார். நெற்றியிலும் மேலுதட்டிலும் வேர்வை முத்து முத்தாக நின்றது. கை சில்லிட்டிருந்தது. மூச்சு மேலோட்டமாக, நாய் இளைப்பது மாதிரி வந்தது. என்ன செய்கிறது என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை அவள் நம்பவில்லை. அவர் வயிற்றில் கை வைத்தாள். பலகை மாதிரி இறுகியிருந்தது. கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையில் காலையிலிருந்து சேர்ந்தது ஒரு கை அளவுகூட இல்லை. ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, ஆனால் இன்னும் கோட்டுக்குள்தான் இருந்தது. உள்ளே தையல் விட்டுப்போயிருக்கிறது, குடலில் இருப்பது வயிற்றுக்குள் கசிகிறது என்று அவளுக்குப் பட்டது. அப்படியென்றால் கொஞ்ச நேரத்தில் கோடு கீடு எதுவும் மிச்சம் இருக்காது.

வார்டில் விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிஜன் கருவி இரண்டு உண்டு. ஒன்று பழுதாகி ரிப்பேருக்குப் போய் வாரக்கணக்காகிவிட்டது. இருந்த ஒன்றை எடுத்து ஓட்டுநர் விரலில் மாட்டினாள். ஆக்சிஜன் வைத்தாள். டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் வேறொரு வார்டில் காயத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு வருகிறேன் என்றார். முடிக்காமல் வாருங்கள் என்று அவள் சொன்னாள். தான் அப்படிச் சொன்னது அவளுக்கே பிறகுதான் உறைத்தது.

போனை வைத்துத் திரும்பியபோது வாத்தியாரின் மனைவி பின்னால் நின்றிருந்தார். கையில் மடித்த செய்தித்தாள்.

"சிஸ்டர், இவர் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கார்."

ஒரு மாதிரி என்றால் எப்படி என்று கடுகு நடந்துகொண்டே கேட்டாள். அந்தம்மாளும் கூடவே நடந்தார்.

"ஒரே வரியில ரெண்டு ஏழு போட்டிருக்கார். சொன்னா, சரியாத்தானே இருக்குன்றார். அவருக்கு அப்படியெல்லாம் தப்பு வராது சிஸ்டர்."

கடுகு எதிர்க் கட்டிலைப் பார்த்தாள். பார்த்தாள் என்பது நிஜம்; பிற்பாடு ஆயிரம் தடவை அவள் மனதுக்குள் திரும்பிப் போய்ப் பார்த்ததும் அந்தக் காட்சியைத்தான். வாத்தியார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறியிருந்ததா என்றால், ஜன்னல் வெளிச்சத்தில் யார் முகம்தான் வெளிறித் தெரியாது? அவள் பார்ப்பதைக் கண்டு கையை உயர்த்தி, ஒன்றுமில்லை என்பதுபோல ஆட்டினார். அந்த வார்டில் அன்று இரண்டாவது ஆளாக ஒன்றுமில்லை என்றவர் அவர். அது அவள் மனதில் தைக்கவே செய்தது. தைத்ததை ஒதுக்கி வைத்தாள். இந்தப் பக்கம் ஒரு மனிதர் கண் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கம் ஒருவர் புதிரில் தப்பு செய்திருக்கிறார். தராசில் வைத்தால் எந்தத் தட்டு தாழும்?

அந்தம்மாளிடம், இதோ ஆளை அனுப்புகிறேன், கொஞ்சத்தில் நானும் வருகிறேன் என்று சொன்னாள். புதுப் பெண்ணைக் கூப்பிட்டு, வாத்தியாருக்கு நாடியும் அழுத்தமும் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொன்னாள். விரல் கருவி ஓட்டுநரிடம் இருந்தது. அதைக் கழற்றிக் கொடுக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். ஓட்டுநரின் ஆக்சிஜன் அளவு விழுந்துகொண்டிருந்தது. கழற்றவில்லை.

புதுப் பெண் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அழுத்தம் நன்றாக இருக்கிறது, நாடி மட்டும் சற்று வேகம், வலி எதுவும் இல்லை என்கிறார், களைப்பாக இருக்கிறதாம் என்றாள். கடுகு அப்போது ஓட்டுநரின் இன்னொரு கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். நரம்புகள் எல்லாம் ஓடி ஒளிந்துகொண்டிருந்தன. அவரைப் படுக்கவே வைத்திரு, எழுந்திருக்க விடாதே, நான் வருகிறேன் என்றாள். புதுப் பெண் அதைப் போய்ச் சொல்லவும் செய்தாள்.

டியூட்டி டாக்டர் வந்து வயிற்றைத் தொட்ட உடனே பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். அதற்குப் பிறகு எல்லாம் ஒரே ஓட்டம். ஓட்டுநரின் மனைவி மறுபடியும் அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சுவரில் சாய்ந்து அழுதாள். கடுகு அவள் தோளைப் பிடித்து உலுக்கிப் போட வைத்தாள். ஓட்டுநர் கடைசி நேரத்தில் முரண்டு பிடித்து மூக்குக் குழாயைப் பிடுங்கப் போனார். கடுகு அவரைப் பார்த்து, செத்துப் போகணுமா என்று கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. தள்ளுவண்டி லிஃப்டுக்குள் போய்க் கதவு மூடியபோது அவள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

திரும்பி நடந்தாள். வாத்தியாரிடம்தான் போய்க்கொண்டிருந்தாள். இதையும் அவள் பிற்பாடு தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள்: மேசைக்குப் போகவில்லை, தண்ணீர் குடிக்கப் போகவில்லை, அவரிடம்தான் போனாள்.

வாத்தியார் கட்டிலில் இல்லை. ஓட்டுநருக்காக எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கும்போது தன்னால் ஒருவருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று, மனைவி தடுக்கத் தடுக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு எழுந்து போயிருக்கிறார். வாசலிலேயே மடங்கி விழுந்துகிடந்தார். அந்தம்மாள் தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். சத்தமே போடவில்லை. வாத்தியாரின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

கடுகு மண்டியிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். புதுப் பெண் மூச்சு கொடுக்கிற பையை எடுத்து வந்தாள். ஓட்டுநரோடு மேலே போயிருந்த டியூட்டி டாக்டர் மாடியிலிருந்து படியில் பாய்ந்து இறங்கி வந்தார். மாறி மாறி அழுத்தினார்கள். விலா எலும்பு ஒன்று முறிவதைக் கடுகு கையில் உணர்ந்தாள். பார்வையாளர்கள் பழப் பைகளோடு சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். மாடியில் ஓட்டுநரின் வயிற்றைத் திறந்து உள்ளே கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், வாத்தியாருக்குச் செய்வதற்கு இனி எதுவும் இல்லை என்று டியூட்டி டாக்டர் எழுந்து நின்றார்.

காலில் உறைந்த ரத்தக் கட்டி ஒன்று நகர்ந்து போய் நுரையீரலை அடைத்திருக்கிறது. அறுவை சிகிச்சை ஆகிப் படுத்தே இருப்பவர்களுக்கு வருவதுதான். முதலில் சிறிதாக ஒன்று போய் அடைத்திருக்கும். அதில்தான் ஆக்சிஜன் குறைந்து மூளை தடுமாறியிருக்கும். அந்த இரண்டு ஏழு அப்போது விழுந்தது. எழுந்து நடந்தபோது பெரியது போயிருக்கும்.

கடுகு அன்று வீட்டுக்குப் போனபோது அக்கா தையல் மெஷினில் குனிந்திருந்தாள். அம்மா அப்பா போனபிறகு இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அக்கா துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே, முகம் ஏன் பேயறைந்த மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். கடுகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா தைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு, "ரெண்டு பேரும் தண்ணியில விழுந்தா கிட்டக்க இருக்கறவனைத்தான் இழுக்க முடியும். அழணும்னா அழு. அழுதுட்டு சாப்பிடு" என்றாள். கடுகு அழவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. கிட்டக்க இருந்தது யார் என்பதுதானே கேள்வி.

அந்த வாரக் கடைசியில் விசாரணை என்று ஒன்று நடந்தது. பெரிய டாக்டர், மேட்ரன், டியூட்டி டாக்டர், அலுவலகத்திலிருந்து ஒருவர்; எதிரே கடுகும் புதுப் பெண்ணும். எல்லாரும் அன்பாகவே பேசினார்கள். ஓட்டுநர் பிழைத்தது கடுகின் கண்ணால்தான் என்று பெரிய டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அறுவை மேசையிலேயே போயிருப்பார். வாத்தியார் விஷயத்தில், முன்பே தெரிந்திருந்தாலும் அவ்வளவு பெரிய கட்டியை ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். முடியாது என்றாரே தவிர, சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். புதுப் பெண் மூச்சு வேகத்தை எண்ணவில்லையே, உதட்டைப் பார்க்கவில்லையே என்று அலுவலகக்காரர் கேட்டபோது கடுகு குறுக்கிட்டாள். நாடியையும் அழுத்தத்தையும் பார் என்று சொன்னது தான்தான், சொன்னதை அவள் சரியாகச் செய்தாள் என்றாள். புதுப் பெண் தலை நிமிரவே இல்லை. அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்துவிட்டாள். கடுகு ஒருமுறை தேடிப் போய்ப் பார்த்தாள். இங்கே யாரும் சாக மாட்டார்கள் அக்கா என்று அந்தப் பெண் சொன்னாள். திரும்பி வா என்று சொல்லக் கடுகுக்கு வாய் வரவில்லை.

கூட்டம் கலைந்தபோது மேட்ரன் அவளைத் தனியாக நிறுத்தினார். அந்தக் குடும்பத்தார் வந்தால் பேச வேண்டாம், அலுவலகம் பார்த்துக்கொள்ளும். கேட்டால், அந்தக் களேபரத்தில் சரியாகக் காதில் விழவில்லை என்று சொல்லிவிடு; பொய்யும் இல்லை, யாருக்கும் நஷ்டமும் இல்லை என்றார். கடுகு தலையாட்டினாள்.

ஓட்டுநர் பிழைத்தார். ஆனால் வயிற்றின் பக்கவாட்டில் குடலின் ஒரு முனையை வெளியே கொண்டுவந்து, அதன்மேல் மலம் சேர ஒரு பை ஒட்டியிருந்தார்கள். நினைவு தெளிந்து அதைப் பார்த்த நாளிலிருந்து மனிதர் வேறு ஆளாகிவிட்டார். பையை மாற்றக் கடுகு போனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். லாரியில் இதோடு எப்படி உட்காருவது, கிளீனர் பையன் சிரிக்க மாட்டானா, பெண்டாட்டி பக்கத்தில் படுப்பாளா என்று கேட்டார். சில மாதம் போனால் திரும்ப உள்ளே வைத்துத் தைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை. வீட்டுக்குப் போகிற அன்று அவளிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"என்னை விட்டுட்டு அந்தப் பெரியவரைப் பாத்திருக்கலாம் சிஸ்டர்."

அவர் அதைக் கரிசனத்தில் சொன்னாரா, குத்திக் காட்டினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் மனைவி துணிமணிப் பையை எடுத்துக்கொண்டு, அவர் அப்படித்தான், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கையைப் பிடித்துவிட்டுப் போனாள்.

வாத்தியாரின் மனைவி வந்தது அதற்குப் பிறகு ஒரு மத்தியானம். இறப்புச் சான்றிதழ் விஷயமாகக் கீழே அலுவலகத்துக்கு வந்தவர், படியேறி வார்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கடுகு பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி மருந்து அறைக்குள் போயிருக்கலாம். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். படிக்கட்டு ஜன்னலோரம் ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் உட்கார்ந்தார்கள். அந்தம்மாள் இளைத்திருந்தார். ரவிக்கைக் கை தோளில் தளர்ந்து தொங்கியது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வேற எதுக்கும் வரல. அன்னிக்கு நான் வந்து சொன்னேனே, ரெண்டு ஏழு போட்டிருக்கார்னு. அது உங்க காதுல விழுந்துச்சா?"

மேட்ரன் கொடுத்த வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. எவ்வளவு சின்ன வாக்கியம். சொல்லிவிட்டால் இருவரும் எழுந்து போய்விடலாம். கடுகு அந்தம்மாளின் கைகளைப் பார்த்தாள். ஒரு கை இன்னொரு கையின் விரலைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தது.

"விழுந்துச்சும்மா. நல்லாவே விழுந்துச்சு. என்னமோ சரியில்லைன்னு எனக்கும் பட்டுது. கேட்டுட்டுத்தான் நான் அந்தப் பக்கம் போனேன். சார் கொஞ்ச நேரம் தாங்குவார்னு நினைச்சேன். தாங்கல."

கை திருகுவது நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது. அதன் கதவு திறந்து மூடுகிறவரை அந்தம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லப் பேசினார்.

"அப்போ நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன். மகன் கேக்கறான், சத்தம் போட்டிருக்க வேண்டாமா, அவங்க கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்க வேண்டாமான்னு. எனக்கு சத்தம் போட வராது. படுத்தா இதேதான் ஓடுது. மெதுவா சொல்லித் தொலைச்சுட்டேனோ, அதான் போயிட்டாரோன்னு."

"நீங்க சத்தம் போட்டிருந்தாலும் நான் அங்கதான்மா போயிருப்பேன்."

இதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று சொன்ன கணமே தோன்றியது. ஆனால் அது உண்மை. அந்தம்மாள் முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார். அந்த இன்னொருவர் பிழைத்தாரா என்று கேட்டார். பிழைத்தார் என்றாள் கடுகு. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்குச் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று சேர்த்துச் சொன்னாள்.

"அதை என்கிட்ட சொல்லாதீங்க. அவருக்குக் குழந்தைங்க இருக்குன்னா, நான் என்ன, சந்தோஷப்படணுமா?"

கடுகு மன்னிப்புக் கேட்டாள். எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் கேட்டாள்.  அந்தம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தார். இரண்டு படி இறங்கியவர் நின்று, திரும்பாமலே, மகன் புகார் கொடுப்பான், தான் தடுக்கப் போவதில்லை என்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். அவர் நிம்மதியாகப் போனாரா என்று கடுகுக்குத் தெரியாது. வரும்போது இருந்த ஒரு பாரத்தை மட்டும் இங்கே இறக்கிவிட்டுப் போனார் என்று நினைத்தாள். அது இப்போது அவள் மடியில் இருந்தது. அது அவளுடையதுதான்.

மகன் புகார் கொடுத்தான். நர்சே ஒப்புக்கொண்டாள் என்ற ஒரு வரி அதில் இருந்தது. மேட்ரன் அவளைக் கூப்பிட்டு, "சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டியே" என்றார். குரலில் கோபத்தைவிட அயர்ச்சிதான் அதிகமாக இருந்தது. அலுவலகம் அவளை வார்டிலிருந்து எடுத்துவிட்டு, வெளிநோயாளிகளுக்குக் காயம் கட்டுகிற அறைக்கு மாற்றியது. வருடத்தின் பாதி அவள் அங்கே கட்டு அவிழ்த்தாள், கட்டு கட்டினாள். அங்கே எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. வரிசையில் முன்னால் நிற்கிறவர்தான் முதலில். ஆரம்பத்தில் அது ஆறுதலாக இருந்தது. போகப் போக, வரிசையில் கடைசியில் நிற்கிறவர்களின் முகத்தை அவள் எட்டி எட்டிப் பார்க்கத் தொடங்கினாள். ஒருநாள் ஒருவரை நடுவிலிருந்து இழுத்து முன்னால் கொண்டுவந்து, மற்றவர்களிடம் திட்டு வாங்கினாள். அவருக்கு வெறும் பசி மயக்கம். பிஸ்கட் தின்றுவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

புகார் எதிலும் முடியாமல் இழுத்து இழுத்து அடங்கியது. ஆளும் போதவில்லை. அவளைத் திரும்ப வார்டுக்கே அனுப்பினார்கள். வார்டுக்கு இப்போது விரல் கருவி ஐந்து வந்திருந்தது. ஒரு சாவு நடந்தால்தான் அலமாரி திறக்கும் என்று தலைமை நர்ஸ் சொன்னார். அவள் எதிர்பார்த்த மாதிரி யாரும் அவளை ஒதுக்கவில்லை. யாரும் அந்த நாளைப் பற்றிப் பேசவும் இல்லை. ஆனால் ஓட்டுநருக்கு வந்தது மாதிரி ஒன்று வந்தால் கண்டுபிடிக்கிறவள் அவள்தான் என்று டாக்டர்கள் அவளிடம் ஆளைக் காட்டிக் கேட்டார்கள். முன்பு அவள் பளிச்சென்று சொல்லுவாள். இப்போது சொல்ல நேரம் பிடித்தது. சொன்னபிறகு, எதிர்க் கட்டிலையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். இதனால் அவள் வேலை மெதுவாகிவிட்டது என்று சிலர் குறைப்பட்டார்கள். அது உண்மைதான்.

பார்வையாளர் நேரத்தில் அவள் இன்னொன்றும் செய்யத் தொடங்கியிருந்தாள். கட்டில் கட்டிலாகப் போய், கூட இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுப்பாள். இவர் வீட்டிலும் இப்படித்தானா, இவ்வளவுதான் பேசுவாரா, இந்நேரத்தில் தூங்குவாரா என்று கேட்பாள். பெரும்பாலும் அதில் ஒன்றும் கிடைக்காது. சிலர் வீட்டுக் கதையெல்லாம் கொட்டுவார்கள், சிலர் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

ஒரு சாயங்காலம் ஜன்னலோரக் கட்டிலில், கிட்னியில் கல் எடுத்த பெரியவர் ஒருவர் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தார். பக்கத்தில் அவர் மகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா எப்போதும் இப்படித்தான் மூடிக்கொண்டு படுப்பாரா என்று கடுகு கேட்டாள். மகள் சிரித்துவிட்டாள்.

"அம்மா திட்டினா இப்படித்தான் சிஸ்டர். இப்பதான் போன்ல செம டோஸ் வாங்கினார்."

போர்வைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. கடுகும் சிரித்தாள். ஆனாலும் அங்கேயே நின்றாள். போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, மூச்சை எண்ணி முடிக்கிறவரை நின்றாள். பிறகு போர்வையை முகத்திலிருந்து சற்று விலக்கி, பெரியவரின் உதட்டைப் பார்த்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனாள்.